நடவு நட்ட கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆணுக்கு உடல் பலம் அதிகம், பெண் பிள்ளை பெறுகிறாள். வேலையும் அதிகாரமும் அதையொட்டித்தானே பிரிந்திருக்கும்? சிம்பன்ஸிக் கூட்டத்திலும் ஆண்தான் தலைமை. இதைப் பண்பாட்டின் தலையில் போடுவது சரியா?

எம்., திருவாரூர்

அன்புள்ள எம்.,

உடல் வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. சராசரியாக ஆணின் கைப்பிடி வலிமை பெண்ணைவிட மிக அதிகம். ஆனால் சிம்பன்ஸியைச் சொன்னால் அதன் நெருங்கிய இனமான போனோபோ குரங்கையும் சொல்ல வேண்டும். இரண்டும் நமக்கு ஒரே அளவு நெருங்கிய உறவு. போனோபோவிலும் ஆண்தான் உருவில் பெரியது. இருந்தும் பெண்கள் கூட்டாக நின்று ஆணை அடக்கிவைக்கின்றன.

நீங்கள் திருவாரூர்க்காரர், வயலுக்கே வருவோம். என் அத்தை நாற்பது வருடம் நடவு நட்டவர். நாற்றைப் பறித்து முடி கட்டி வீசுவது ஆண்கள், குனிந்து நடுவது பெண்கள். சம்பா நடவு சமயத்தில் அத்தையின் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். ராத்திரி மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசிக்கொண்டு, பாதம் தரையில் படாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ‘பொம்பளைக்குத்தான் இடுப்பு வளையும்’ என்பார்கள். வளைகிற இடுப்புக்குக் கூலி மட்டும் குறைவு. சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது.

எஸ்தர் போசரப் என்ற பொருளியலாளர் 1970-இல் ஒன்றைக் கவனப்படுத்தினார். மண்வெட்டியால் கொத்திப் பயிரிட்ட ஆப்பிரிக்கப் பகுதிகளில் பெரும்பாலும் பெண்களே உழவர்கள். ஏர் வந்த இடங்களில் விவசாயம் ஆண் கைக்குப் போனது. ஏர் பிடிக்கப் பலம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். இங்கே உடலுக்குப் பங்கு உண்டு.

ஆனால் நடவு இயந்திரம் வந்தபோது என்ன நடந்தது? குனிய வேண்டாம், இழுக்க வேண்டாம், உட்கார்ந்து ஓட்டலாம். உடல்தான் வேலையைப் பிரிக்கிறது என்றால், நட்டுப் பழகிய பெண்கள் அதில் ஏறியிருக்க வேண்டும். நான் பார்த்த அத்தனை வண்டியிலும் ஆண்கள்தான் இருந்தார்கள். பெண்கள் பாய்போல வளர்த்த நாற்றைச் சுருட்டி எடுத்துக் கொடுத்தார்கள். வண்டி திரும்ப முடியாத வரப்போரங்களில் கையால் நட்டார்கள். கூலிநாளும் குறைந்துபோனது. இதற்கு எந்தத் தசையைக் காரணம் சொல்வது?

அதிகாரம் நிலத்தில் இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-இல் சட்டம் கொண்டுவந்தது, நாடு முழுக்க 2005-இல் வந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் தாத்தாவின் ஆறு மா நிலம் பங்கானது. அத்தை பத்திர அலுவலகத்துக்கு வந்து, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ‘நாளைக்கு எனக்கு அண்ணன் தம்பி வாசல் வேணும்ல’ என்றார். அந்த ஆறு மாவிலும் நடவு நட்டவர் அவர். பங்கு வாங்கியவர்களில் என் அப்பாவும் ஒருவர். அந்த நிலத்து நெல்லில்தான் நான் படித்தேன்.

உங்கள் வீட்டுப் பத்திரங்களையும் எடுத்துப் பாருங்கள். எத்தனை அத்தைகள் அப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.