பேரணியைத் தள்ளிப்போடுங்கள், பெற்றோரைக் கூட்டுங்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் சுமார் 300 குடும்பங்கள். போன மாதம் மொட்டை மாடியில் இரண்டு பையன்கள் கஞ்சா புகைத்துக்கொண்டிருந்ததைக் காவலாளி பார்த்துவிட்டார். இருவருக்கும் 16 வயதுகூட ஆகவில்லை. சங்கத்தில் ஒரு குழு போட்டிருக்கிறோம். விழிப்புணர்வுப் பேரணி, போதையின் கோரத்தைக் காட்டும் புகைப்படக் கண்காட்சி, மீண்டு வந்த ஒருவரின் உரை என்று திட்டம். அந்த இரண்டு குடும்பங்களையும் காலி செய்யச் சொல்ல வேண்டும் என்கிறார்கள் சிலர். சரியான வழியில்தான் போகிறோமா?

பதில்: குழு போட்டது நல்ல காரியம். ஆனால் திட்டத்தில் இருக்கிற மூன்றையும் நிறுத்திவையுங்கள்.

பல வருடங்களுக்கு முன்னால் நானே ஒரு பள்ளியில் இப்படி ஓர் உரைக்கு ஏற்பாடு செய்தேன். வந்தவர் போதையை விட்டு ஐந்து வருடம் ஆன இளைஞர். அருமையாகப் பேசினார். ஆசிரியர்கள் கண் கலங்கினார்கள். கூட்டம் முடிந்ததும் ஏழெட்டுப் பையன்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "அண்ணா, அது உள்ளே போனதும் எப்படி இருக்கும்?" என்றான் ஒருவன். "ஒரே ஒரு தடவை போட்டால் ஒன்றும் ஆகாதுதானே?" இது இன்னொருவன். எதிரே நின்றவர் திடகாத்திரமாக, சிரித்த முகத்தோடு இருந்தார். இத்தனையும் செய்துவிட்டு மனுஷன் நன்றாகத்தானே இருக்கிறார் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டுவிட்டார்கள். பாவம், அவர் மேல் தப்பில்லை. கூப்பிட்டது நான்தானே.

ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகம் தடுப்புப் பணிக்கென்று 2013இல் நெறிமுறைகள் வெளியிட்டது. பலன் தராதவை, சில சமயம் எதிர்ப்பலன் தருபவை என்ற பட்டியலில் மீண்டவர்களைப் பள்ளிக்கு அழைத்துப் பேசவைப்பதும் இருக்கிறது. பயமுறுத்தும் படங்களுக்கும் அதே கதிதான். அமெரிக்காவில் 1998 முதல் 2004 வரை சுமார் 100 கோடி டாலர் செலவில் இளையோருக்கான போதை எதிர்ப்பு விளம்பர இயக்கம் நடந்தது. மதிப்பீடு செய்து பார்த்தால், கஞ்சா பழக்கத்தை அது குறைத்ததாகவே தெரியவில்லை. விளம்பரத்தை அதிகம் பார்த்த பிள்ளைகள் சிலரிடம் ஆர்வம் கூடியிருக்கலாம் என்பதற்கும் தடயம் இருந்தது. இவ்வளவு பேசுகிறார்கள் என்றால் ஊரே இதைத்தான் செய்கிறது போலிருக்கிறது என்று பிள்ளைகள் முடிவுகட்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம். பேரணியிலும் அதே ஆபத்து. போஸ்டர் ஒட்ட ஒட்ட, தொடாத பெரும்பான்மை தன்னைச் சிறுபான்மையாக நினைக்க ஆரம்பிக்கும்.

சரி, வேறு என்ன செய்யலாம்?

1990களின் கடைசியில் ஐஸ்லாந்துக்கு இதே தலைவலி இருந்தது. 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் ஒரு முறையாவது போதையேறக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். தினமும் சிகரெட் பிடித்தவர்கள் 23 சதவீதத்திலிருந்து 3 சதவீதத்துக்கு இறங்கினார்கள். அத்தனையும் ஒரே திட்டத்தின் சாதனை என்று சொல்ல மாட்டேன், அதே காலத்தில் ஐரோப்பாவில் வேறு பல நாடுகளிலும் இளையோர் குடிப்பது குறைந்தது. ஆனாலும் அவர்கள் செய்ததைப் பாருங்கள். பள்ளிகளில் பெயர் கேட்காத வினாத்தாளைத் தொடர்ந்து நிரப்பச் சொல்லி, அந்தந்தப் பகுதியின் நிலவரத்தை அந்தந்தப் பகுதியிடமே கொடுத்தார்கள். பள்ளி முடிந்த பிறகான நேரத்துக்கு விளையாட்டு, இசை, நடனம் என்று பயிற்சியாளரோடு கூடிய வகுப்புகள் வைத்து, வசதியில்லாத வீட்டுக்கும் எட்டும்படி கட்டணத்துக்கு உதவினார்கள். இரவில் எத்தனை மணிக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது என்பதில் பெற்றோர்கள் கூட்டாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். போதையைப் பற்றிய பிரசங்கம் இதில் எவ்வளவு குறைவு என்று கவனித்தீர்களா?

உங்களால் நாளைக்கே ஆரம்பிக்க முடிந்தது அந்தக் கடைசி விஷயம். 12 முதல் 17 வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளை மட்டும் அழையுங்கள். 300 குடும்பத்தையும் ஒரே ஹாலில் உட்காரவைத்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பதினைந்து வீடு போதும், வட்டமாக நாற்காலி போடுங்கள். முதல் அரைமணி நேரம் போதை என்ற சொல்லே வேண்டாம். உங்கள் பிள்ளையின் நெருங்கிய சிநேகிதர்கள் மூன்று பேரின் பெயரும், அவர்களுடைய அப்பா அம்மாவின் போன் நம்பரும் உங்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். நான் கேட்ட இடங்களிலெல்லாம் ஒரு நிமிஷம் மௌனம்தான். அப்புறம் ஒருவர் போனை எடுப்பார், பக்கத்தில் இருப்பவர் தன் நம்பரைச் சொல்வார். அந்த நம்பர் பரிமாற்றம் எந்தக் கண்காட்சியையும்விட அதிக வேலை செய்யும். "அவன் வீட்டில்தான் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போவது அன்றோடு கஷ்டமாகிவிடும்.

இரண்டாவது கூட்டத்தில் மூன்று பொது விதிகள் பேசி முடிவெடுங்கள். இத்தனை மணிக்குள் வீடு. பெரியவர் இல்லாத வீட்டில் பார்ட்டி கிடையாது. எந்தப் பிள்ளையையாவது சந்தேகமான நிலையில் பார்த்தால் அந்த வீட்டுக்கு நேரடியாகச் சொல்வது, வாட்ஸாப் குழுவில் போடாமல். ஒரு வீடு மட்டும் கண்டிப்பு காட்டினால் அந்த அம்மா வில்லி ஆகிவிடுவார். பதினைந்து வீடும் ஒரே நேரத்தைச் சொன்னால் "எல்லாரும் விடுறாங்க, நீங்க மட்டும்தான்" என்ற வாதம் செத்துவிடும்.

அதே கூட்டத்தில் வீட்டு அலமாரியைப் பற்றியும் பேசுங்கள். பிள்ளைகளுக்கு முதல் சப்ளை பல நேரம் வீட்டிலிருந்தே வருகிறது: அப்பாவின் பாட்டில், தாத்தாவின் தூக்க மாத்திரை, மிச்சமிருக்கும் வலி மாத்திரை, இருமல் மருந்து. எண்ணி வையுங்கள், பூட்டி வையுங்கள், மிச்சத்தை மருந்துக்கடையில் கேட்டு முறையாக அப்புறப்படுத்துங்கள். தின்னர், பசை, ஸ்பிரே போன்றவற்றை முகர்வதைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. முதல் தடவையிலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம்.

பள்ளி விட்டதிலிருந்து பெற்றோர் வேலையிலிருந்து திரும்பும் வரையுள்ள இரண்டு மூன்று மணி நேரத்துக்குத்தான் உங்கள் பட்ஜெட் போகவேண்டும். பூட்டிக் கிடக்கும் ஒரு அறையைத் திறந்து பந்து வாங்கிப் போட்டால் மட்டும் போதாது. பெரியவர் இல்லாத கேரம் போர்டைச் சுற்றியும் சிகரெட் வரும். வாரத்தில் மூன்று நாளாவது தவறாமல் வருகிற, பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுங்கள். என்ன வகுப்பு என்பதைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும்.

சிறுநீர்ப் பரிசோதனைக் கருவி வாங்கலாமா என்று குழுவில் யாராவது கேட்டிருப்பார்கள். வேண்டாம். பிள்ளைகள் பரிசோதனையில் சிக்காத பொருளுக்குத் தாவுவார்கள், உங்களோடு பேசுவதையும் நிறுத்திவிடுவார்கள்.

இப்போது அந்த இரண்டு பையன்கள். காலி செய்யச் சொல்வதால் குடியிருப்பு சுத்தமாகாது. அடுத்த பிள்ளை இன்னும் ஒளிவாகச் செய்யக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். பலருக்கு இந்த வயதில் ஓரிரு முறை தொட்டுப்பார்ப்பதோடு நின்றுவிடும். ஆனால் எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறதோ அவ்வளவுக்குச் சிக்கல் கூடுகிறது என்பதும் உண்மை. அமெரிக்காவில் 1997இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், 14 வயதுக்குள் குடிக்க ஆரம்பித்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் பிற்காலத்தில் குடிக்கு அடிமையானார்கள், 20 வயதுக்கு மேல் ஆரம்பித்தவர்களில் சுமார் 10 சதவீதம். ஆகவே அலட்சியமும் வேண்டாம். பெற்றோர் மட்டும், தனியாக, பையன் தெளிவாக இருக்கும்போது பேசட்டும். "ஏன்டா செய்தாய்" என்றால் பதில் வராது. "எப்போது தோன்றுகிறது, யாரோடு இருக்கும்போது" என்று கேட்டால் வரும். தூக்கம், படிப்பு, சிநேகிதம் எல்லாம் சேர்ந்து மாறியிருந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகட்டும். தினமும் குடிக்கிற அல்லது தூக்க மாத்திரை போடுகிற பிள்ளையாக இருந்தால், அறையில் பூட்டி ஒரே நாளில் நிறுத்தவைக்க வேண்டாம், வலிப்பு வரலாம். அது மருத்துவர் மேற்பார்வையில் நடக்கவேண்டிய வேலை.

இந்த மாதிரிப் பையன்களை மட்டும் சேர்த்து 'திருத்தும் வகுப்பு' நடத்திவிடாதீர்கள். 1999இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், சிக்கலுள்ள பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்த குழுக்களில் புகைப்பழக்கம் கூடியது. ஒருவன் வீரத்தைச் சொல்ல மற்றவன் சிரிப்பான், அங்கேயே பாடம் நடந்துவிடும். சாயங்கால வகுப்பில் மற்ற பிள்ளைகளோடு கலந்து, முதல் நாளே, எந்த விளக்கமும் இல்லாமல் இவர்களைச் சேர்த்துவிடுங்கள்.

காவலாளியை மறந்துவிட வேண்டாம். அடுத்த தடவை பார்த்தால் கத்தவோ, படம் எடுக்கவோ வேண்டாம், குழுவில் இன்னாரிடம் மட்டும் சொன்னால் போதும் என்று அவரிடம் பேசிவையுங்கள். யாராவது எழுப்பியும் எழாமல், குறட்டை போன்ற சத்தத்தோடு மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால், 'தூங்கித் தெளியட்டும்' என்று விட்டுவிடக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, வரும்வரை பக்கத்திலேயே இருக்கவேண்டும். என்ன உட்கொண்டான் என்று தெரிந்தால் மருத்துவரிடம் மறைக்கக்கூடாது. கூட இருந்த பையன்களுக்கும் இதையே சொல்லுங்கள். திட்டு விழுமே என்று பயந்து ஓடிவிடுகிறவர்கள் அவர்கள்தான்.