பதின்ம வயதினருக்கான நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர் என்றால் என்ன வேலை?

13 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்துக்கு வெளியே விளையாட்டு, நாடகம், பயிற்சி முகாம், தன்னார்வப் பணி என்று ஏதாவது நடக்கிறதென்றால், அதைத் திட்டமிட்டு, ஆள் சேர்த்து, பாதுகாப்பாக நடத்தி முடிக்கிறவர்தான் ஒருங்கிணைப்பாளர். பெற்றோரின் ஒப்புதல் படிவம், அறை முன்பதிவு, செலவுக் கணக்கு, உதவிக்கு வருகிறவர்களின் பின்னணியைச் சரிபார்ப்பது என்று மேசையிலேயே நிறைய நேரம் போய்விடும். இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

சரி, இதற்கு ஏன் தனியாக ஒருவர்? இந்த வயதில் சொந்தமாக முடிவெடுக்கும் ஆசை வேகமாக வளர்கிறது, ஆனால் பின்விளைவை எடைபோட உதவும் மூளையின் முன்பகுதி 20 வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. சைக்கிள் பழகும் பிள்ளைக்குப் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவரைப் போலத்தான், பிடியை எப்போது விடுவது என்பதில்தான் சாமர்த்தியமே இருக்கிறது. ஒரு பையன் "ராத்திரி நிகழ்ச்சி வைக்கலாமே" என்றால் உடனே மறுக்காமல், எப்படி வீடு திரும்புவீர்கள், கூட எந்தப் பெரியவர் இருப்பார் என்று கேட்டு, பதிலை அவர்களே எழுதிக்கொண்டு வரட்டும் என்று விட வேண்டும்.

இப்படிப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே எவ்வளவு பங்கு கொடுக்கிறோம் என்பதைப் படிப்படியாகக் காட்ட, 1992-இல் யுனிசெஃபுக்காக ஆய்வாளர் ராஜர் ஹார்ட் 8 படி ஏணி ஒன்றை எழுதினார்; அதில் கீழ் 3 படிகள் பங்கேற்பே இல்லை. பிள்ளைகளை மேடையில் அலங்காரமாக நிறுத்துவது அதில் ஒன்று.

அப்புறம், பலர் நினைப்பதுபோல் இவர் பிள்ளைகளின் கூட்டாளி இல்லை, "யாரிடமும் சொல்லாதீங்க" என்று ஒரு பிள்ளை ஆபத்தான விஷயத்தைச் சொன்னாலும் உரியவரிடம் தெரிவிக்க வேண்டியவர், அதை முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிட வேண்டியவரும்கூட.