டீச்சரிடம் கேளுங்கள்: உபயமும் ஓபரா பாக்ஸும்

கேள்வி: டீச்சர், கனடாவில் இருக்கும் என் தம்பி எங்கள் கோயில் திருவிழாவில் ஒரு நாள் உபயம் கேட்டான். "அது பரம்பரைக்காரருக்குத்தான்" என்று சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவில் வண்டர்பில்ட் குடும்பத்தையும் பழைய பணக்காரர் இப்படி ஒதுக்கினார்களாமே? அவ்வளவு காசு இருந்தும் ஏன்?
- வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: உண்மைதான் பிள்ளை. அங்கே சண்டை ஓபரா என்ற இசை நாடக அரங்கில் நடந்தது. நியூயோர்க்கில் 1854இல் திறந்த அகாடமி ஒஃப் மியூசிக்கில் பாக்ஸ் என்ற, குடும்பமாக இருந்து பார்க்கும் தனித் தடுப்புகள் 18தான். எல்லாம் பழைய குடும்பங்களின் கையில். யார் எந்த பாக்ஸில் இருக்கிறார் என்பதை வைத்தே ஊர் ஆளை மதித்தது. வண்டர்பில்ட் வீட்டார் ஒரு பாக்ஸுக்கு 30,000 டொலர் தருகிறோம் என்றும் கிடைக்கவில்லை என்பார்கள்.

ஏனென்றால் அந்தக் குடும்பத்துக்குக் காசு தேடித் தந்த கோர்னிலியஸ் வண்டர்பில்ட் சின்ன வயதில் படகில் ஆள் ஏற்றியவர். பிறகு நீராவிக் கப்பல், ரயில் என்று வளர்ந்து, 1877இல் சாகும்போது சுமார் 10 கோடி டொலர் விட்டுப் போனார். ஆனாலும் படகோட்டி வீட்டுக் காசுதானே என்று ஒரு இளக்காரம்.

அப்படி ஒதுக்கியவர்களுக்குத் தலைவி கரோலின் அஸ்டோர். அவர் பிறந்தது பழைய டச்சுக் குடும்பம், சரி. ஆனால் புகுந்த வீட்டுச் சொத்து எங்கிருந்து வந்தது? கணவரின் தாத்தா ஜோன் ஜேக்கப் அஸ்டோர் ஜெர்மனியில் ஒரு இறைச்சிக் கடைக்காரரின் மகன். அமெரிக்காவுக்கு வந்து மிருகத் தோல் விற்று, அந்தக் காசில் மன்ஹாட்டனில் காணி வாங்கியவர். தோல் வியாபாரியின் பேரன் வீட்டுக்குப் படகோட்டியின் பேரன் வீடு ஆகாதாம்! இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும்.

படகோட்டியின் பேரனுடைய மனைவி அல்வா சும்மா இருக்கவில்லை. 1883 மார்ச் 26இல் ஐந்தாம் அவென்யூவில் கட்டிய புது மாளிகையில் பெரிய மாறுவேட நடன விருந்து வைத்தார். அஸ்டோர் அம்மா முதலில் தன் பெயர் அட்டையை அனுப்பாமல் அவரை அழைப்பது அன்றைய முறை இல்லை. அவருடைய கடைசி மகளுக்கோ அந்த விருந்துக்குப் போக ஆசை. அட்டை அல்வா வீட்டுக்குப் போனது. அழைப்பும் வந்தது. அதே வருடம் ஒக்டோபர் 22இல், பாக்ஸ் கிடைக்காதவர்கள் காசு சேர்த்துக் கட்டிய மெட்ரோபொலிட்டன் ஓபரா அரங்கு திறந்தது. மூன்று வருடத்தில் அகாடமி ஓபராவையே கைவிட்டது.

ஆனால் பிள்ளை, புது அரங்கிலும் நல்ல பாக்ஸ்கள் பங்குதாரர் குடும்பங்களுக்குத்தான். வெளியே நின்றவர்கள் உள்ளே போனதும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதனால் தம்பி தன் பெயருக்கு ஒரு நாள் கேட்டு மல்லுக்கட்ட வேண்டாம். பரிபாலன சபையின் பொதுக்கூட்டத்தில், ஒரு திருவிழாவைப் பொது உபயமாக ஒதுக்கச் சொல்லிக் கேட்கட்டும். ஆயிரம் ரூபா தருபவரும் அதில் சேரலாம். அப்போதும் யாராவது பரம்பரை பேசினால், அவருடைய பூட்டனார் தோணி விட்டாரா கடை வைத்தாரா என்று மரியாதையாகக் கேட்கச் சொல்லுங்கள்.