நண்பர் போடும் லேஅவுட்டில் 15 லட்சம்: வட்டிக்குக் கொடுப்பதா, பார்ட்னராகச் சேர்வதா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: நண்பர் ஊருக்கு வெளியே மூன்று ஏக்கர் வாங்கி மனை பிரிக்கப் போகிறார். உங்களிடம் 15 லட்சம் கேட்கிறார், அது உங்கள் சேமிப்பில் பெரும்பகுதி. "மாதம் 2 வட்டி தருகிறேன், முடிந்ததும் லாபத்திலும் பார்த்துச் செய்கிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் அந்தப் "பார்த்துச் செய்கிறேன்" இருக்கும்வரை கொடுக்காதீர்கள். மதுரையைச் சுற்றி மனை வியாபாரத்தில் வட்டிக்கும் கொடுத்திருக்கிறேன், பங்கும் வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் நட்பு முறிந்து நான் பார்த்த இடங்களில் பெரும்பாலும், கொடுத்த பணம் கடனா பங்கா என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. மனை வேகமாக விற்றால் "நீ வட்டிக்குத்தானே கொடுத்தாய்" என்பார்கள். விற்காமல் கிடந்தால் "நீயும் பார்ட்னர்தானே, கொஞ்சம் பொறு" என்பார்கள். லாபத்தில் பங்கு வாங்குகிறோமே, அதுவே போதாதா என்று நினைக்க வேண்டாம். கடன் கொடுத்தவர் லாபத்தில் பங்கு பெறுவதால் மட்டுமே பங்குதாரர் ஆகிவிட மாட்டார் என்று 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டமே சொல்கிறது.

நண்பர் ஏன் 2 வட்டிக்குக் கேட்கிறார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வருடத்துக்கு 24 சதவீதம், உங்கள் 15 லட்சத்துக்கு மாதம் 30,000. வெறும் நிலம் வாங்க, மனை பிரித்து விற்கும் புரமோட்டருக்கு வங்கிகள் பொதுவாகக் கடன் தருவதில்லை. அதனால் நில உரிமையாளருக்கு அட்வான்ஸ் கொடுப்பதில் தொடங்கி டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு வரும்வரை வெளிப்பணத்தில்தான் வண்டி ஓடும். அந்த மாதங்களில் ஒரு மனைகூட விற்க முடியாது. அப்போது உங்களுக்கு வருகிற வட்டி பல நேரம் இன்னொருவரிடம் வாங்கிய கடனிலிருந்து வருவதுதான். முதல் ஆறு மாதம் வட்டி ஒழுங்காக வந்துவிட்டது என்பதை வைத்துத் தொழில் நன்றாக ஓடுகிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

கடன் என்று முடிவு செய்தால் பணம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாக வரலாம். கொடுத்த உங்கள் கையில் ஆதாரமும் இருக்காது. அப்புறம், வெறும் புரோநோட்டோடு நிற்காதீர்கள். அதற்கு ஆயுள் 3 வருடம். இடையில் வட்டி கட்டும்போது பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கினால்தான் அந்தத் தேதியிலிருந்து மறுபடி 3 வருடம் கிடைக்கும். லேஅவுட் இழுத்தடித்தால் 3 வருடம் போவதே தெரியாது. பதிவு செய்த அடமானப் பத்திரம் என்றால் வழக்குப் போட 12 வருடம் இருக்கிறது, சொத்தின் மேல் பதிவான கடன், விற்பனை எல்லாம் காட்டும் வில்லங்கச் சான்றிலும் ஏறிவிடும். அசல் பத்திரத்தை வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது வில்லங்கத்தில் தெரியாது. உங்களிடம் அடமானம் இருப்பது தெரியாமலே இன்னொருவர் அதே சொத்தை வாங்கிவிடலாம்.

அடமானத்தை லேஅவுட் நிலத்தின் மேல் கேட்காதீர்கள். மனை விற்க விற்க விடுவித்துக் கொடுக்க வேண்டும், ரெராவிலும் அந்த வில்லங்கத்தைக் காட்ட வேண்டும், வாங்க வருகிறவர்கள் பயந்து ஓடுவார்கள். நண்பருக்கு வேறு வீடோ கடையோ இருந்தால் அதன் மேல் வாங்குங்கள். இருக்கிற சொத்தை அவர் தரத் தயங்கினால், அந்தத் தயக்கத்திலேயே உங்களுக்குப் பதில் இருக்கிறது.

பார்ட்னர் என்பது வேறு உலகம். கூட்டாண்மை நிறுவனத்தில் உங்கள் பொறுப்பு 15 லட்சத்தோடு முடியாது. மனைக்கு முன்பணம் கட்டிய குடும்பங்களுக்கு நிறுவனம் பத்திரம் போட்டுத் தரவில்லை என்றால், அவர்கள் உங்கள் சொந்த வீட்டின் மேலும் உரிமை கேட்டு வர முடியும். இரவு பகலாக அலைந்து சேர்த்த வீடாக இருக்கும், ஒரு கையெழுத்தில் அதைப் பணயம் வைக்கிறோம் என்று தெரிந்தே போட வேண்டும். இந்தப் பயம் இருந்தால், பொதுவாகப் போட்ட முதலோடு பொறுப்பு முடிகிற எல்எல்பி என்ற நிறுவன வகை பற்றி ஆடிட்டரிடம் கேளுங்கள். முத்திரைத் தாளில் எழுதிய ஒப்பந்தத்தோடு நிறுத்தாமல் நிறுவனத்தைப் பதிவு செய்யுங்கள். பதிவில்லாத நிறுவனத்தின் பார்ட்னர், நிறுவனத்தைக் கலைத்துக் கணக்குக் கேட்கலாமே தவிர, ஒப்பந்தத்தில் உள்ளதை நிறைவேற்று என்று இன்னொரு பார்ட்னர் மேல் வழக்குப் போட முடியாது.

கிரயம் யார் பெயரில் நடக்கிறது என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். நிலம் நண்பர் பெயரில் மட்டும் பதிவானால் உங்கள் பங்கு காகிதத்தில்தான் இருக்கும். நிறுவனத்தின் பெயரில் வர வேண்டும், இல்லையென்றால் உங்கள் பெயரும் பத்திரத்தில் சேர வேண்டும்.

இன்னொன்றைப் புதிதாக வருகிறவர்கள் யோசிப்பதே இல்லை. லேஅவுட்டில் முதலில் விற்பவை மெயின் ரோட்டு மனைகளும் கிழக்குப் பார்த்த மனைகளும். அந்தப் பணம் நில விலைக்கும் ரோட்டுக்கும் கமிஷனுக்கும் கடனுக்கும் போய்விடும். லாபம் என்று மிஞ்சுவது கடைசியில் விற்காமல் கிடக்கும் ஏழெட்டு மனைகள், அதிலும் தெரு நேராக வந்து முட்டும் தெருக்குத்து மனைகள். "எல்லாம் விற்றதும் கணக்கு முடிப்போம்" என்று ஒப்பந்தம் இருந்தால் அந்த நாள் வரவே வராது. அதனால் ஒரு தேதி போடுங்கள். அந்தத் தேதியில் விற்காமல் இருக்கும் மனைகளை எந்த விலையில் மதித்து, எந்த எண்ணுள்ள மனைகளை யாருக்குப் பதிந்து தருவது என்றும் எழுதுங்கள். பார்ட்னர் ஒருவர் இறந்தால் என்ன என்பதையும் எழுத வேண்டும். வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் சட்டப்படி கூட்டாண்மை அத்தோடு கலைந்துவிடும், இரண்டு குடும்பமும் நடுவில் நிற்கும்.

உங்கள் நிலைமையில் நான் என்றால், 15 லட்சம் சேமிப்பில் பெரும்பகுதி என்று நீங்களே சொல்வதால், பார்ட்னராகச் சேர மாட்டேன். 7 அல்லது 8 லட்சத்தை, வேறு சொத்தின் மேல் பதிவு செய்த அடமானத்தோடு, 18 மாதத் தவணைக்கு ஒன்றரை வட்டிக்குக் கொடுப்பேன். வட்டி குறைவாக இருக்கட்டும், எழுத்து உறுதியாக இருக்கட்டும் என்று நண்பரிடம் நேராகவே சொல்லலாம், நல்ல மனிதர் கோபப்பட மாட்டார். பத்திரம் எழுதுவதற்கு முன் நிலத்தின் தாய்ப் பத்திரத்தையும் (முந்தைய உரிமையாளரின் மூலப் பத்திரம்) 30 வருட வில்லங்கத்தையும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அந்த வக்கீலை நீங்களே தேடிப் பிடியுங்கள், நண்பர் கூட்டிவருகிறவர் வேண்டாம்.