துணி வெட்ட எந்தக் கத்தரி?

கேள்வி: தையல் வகுப்பு முடித்து, வீட்டுக்கு வேண்டிய ரவிக்கையும் பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டையும் தைக்கிறேன். இணையத்தில் பெட்டியோடு இருபது சாமான்கள் உள்ள 'கட்டிங் செட்' விற்கிறார்கள். தோழி, ரோட்டரி கட்டர் வாங்கு என்கிறாள். எங்கள் தெரு டெய்லரோ மீரட் கத்தரியைத் தவிர எதையும் தொடாதே என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? - கும்பகோணம் வாசகி

பதில்: இப்போதைக்கு டெய்லர் பேச்சை. தோழி பேச்சை அடுத்த வருடம் கேட்கலாம். அந்தப் பெட்டியை மட்டும் வாங்காதீர்கள். இருபதில் பதினைந்து சாமான்கள் ஊசியும் பட்டனும் ஊக்குமாக இருக்கும். கூட வரும் கத்தரியோ தபால் உறை பிரிக்கத்தான் லாயக்கு.

உத்தரப்பிரதேசத்தின் மீரட் நகரில் செய்யும் கத்தரிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய லாரி, கார்களின் ஸ்பிரிங் பட்டை போன்ற கழிவு எஃகிலிருந்து அலகு, அதாவது வெட்டும் தகடு, அடிப்பது அந்த ஊர் வழக்கம். தாத்தா வாங்கினால் பேரன் வரைக்கும் உழைக்கும் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. மழுங்கினால் சாணை பிடிக்கலாம், திருகு தளர்ந்தால் முறுக்கலாம் என்பதுதான் அந்தப் பெருமைக்குக் காரணம். குறைகளும் உண்டு: கனம் அதிகம், ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். ஐப்பசி மழையில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள். மணிக்கட்டு வலி உள்ளவர்கள் பிளாஸ்டிக் பிடி போட்ட கத்தரி வாங்கலாம். பின்லாந்தின் ஃபிஸ்கார்ஸ் நிறுவனம் 1967-இல் கொண்டுவந்த ஆரஞ்சு நிறக் கைப்பிடிதான் இந்த வகைக்கு முன்னோடி.

அளவு 8 அங்குலம் போதும். கை பழகிய பிறகு 10-க்குப் போகலாம். 12 அங்குலமெல்லாம் கோட்டு தைப்பவர்களுக்கு. கைப்பிடி மேல்நோக்கி வளைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால்தான் கீழ் அலகு தரையோடு படிந்து போகும், துணி தூக்காது. நம் வீடுகளில் பாதிப் பேர் தரையில் விரித்துத்தானே வெட்டுகிறோம்?

கடைக்குப் போகும்போது பையில் ஒரு மெல்லிய ஜார்ஜெட் துண்டு எடுத்துச் செல்லுங்கள். காகிதத்தை வெட்டிக் காட்டும் கடைக்காரரை நம்ப வேண்டாம். எந்தக் கத்தரியும் காகிதத்தை வெட்டும். ஜார்ஜெட்டை அடியிலிருந்து நுனிவரை ஒரே வீச்சில் வெட்டிப் பாருங்கள். நுனியில் துணி மடங்கி அலகுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் அது வேண்டாம். பிறகு கத்தரியை மூடி வெளிச்சத்தில் பிடியுங்கள். இரண்டு அலகுக்கும் இடையே மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும், நுனி மட்டும் தொட வேண்டும். அலகுகள் லேசாக வில்போல் வளைந்திருப்பதால்தான், மூடும்போது வெட்டுகிற இடத்தில் மட்டும் உரசுகின்றன. பழைய கத்தரி துணியைக் கடித்தால் பல நேரம் கூர் போகவில்லை, திருகுதான் தளர்ந்திருக்கும். சாணைக்குக் கொடுக்கும் முன் அதை முறுக்கிப் பாருங்கள்.

இனி ரோட்டரி கட்டர். ஜப்பானின் ஓல்ஃபா 1979-இல் அறிமுகப்படுத்திய சாமான் இது. பிட்சா வெட்டும் சக்கரம் போல இருக்கும், 45 மில்லிமீட்டர் அலகுதான் பொதுவான அளவு. கிராஸ் பட்டி (துணியின் குறுக்குச் சாய்வில் வெட்டும் பட்டி), புடவைக் கரை, ஒட்டுத்துணி வேலை என்று நேர்க்கோடாகப் போகிற எதற்கும் அருமை. துணியைத் தூக்காமல் வெட்டுவதால் வழுக்குகிற துணிக்கும் நல்லது. ஆனால் ரவிக்கையில் நேர்க்கோடு எங்கே இருக்கிறது? கழுத்து, அக்குள், கப் எல்லாம் வளைவு. தவிர, கட்டரோடு செலவு நிற்காது. அடியில் போட கட்டிங் மேட், பிடித்துக்கொள்ளக் கனமான ஸ்கேல், மாற்று அலகு எல்லாம் வேண்டும். மேட்டை வெயிலில் வைத்தாலோ அதன்மேல் இஸ்திரி போட்டாலோ வளைந்துவிடும், பிறகு நேராகாது.

ஜார்ஜெட் வழுக்குகிறது என்பதற்காகவே கட்டர் வாங்க நினைத்தால், வடிகஞ்சியை நீர்க்கக் கரைத்து நனைத்து, காயவைத்து வெட்டிப் பாருங்கள். துணி காகிதம் போல நிற்கும்; தைத்த பின் அலசினால் போயிற்று. சாயம் போகுமா என்று ஓரத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். பட்டில் இந்த வேலை வேண்டாம்.

பெரிய கத்தரியோடு நூல் வெட்டி ஒன்றும் தையல் பிரிப்பான் ஒன்றும் வாங்கினால் போதும். சரிகையும் ஜமிக்கியும் வெட்ட வீட்டிலுள்ள பழைய கத்தரி இருக்கட்டும். நல்ல கத்தரி ஒரே ஒரு குண்டூசியைக் கடித்தாலும் அலகில் பல் விழும்.

கேள்வி: மகளுக்கு இடது கைப் பழக்கம். இரு கைக்கும் பொருந்தும் என்று அட்டையில் போட்ட கத்தரி வாங்கினேன். துணி மடங்குகிறது, கோடும் தெரியவில்லை என்கிறாள். - திண்டுக்கல் வாசகர்

பதில்: மகள் மேல் தவறில்லை. இரு கைக்கும் பொருந்துவது கைப்பிடி மட்டும். வலது கைக் கத்தரியை இடது கையில் பிடித்தால் கட்டைவிரல் அழுத்தம் அலகுகளைப் பிரித்துவிடும், மேல் அலகு கோட்டையும் மறைக்கும். அலகே இடம் வலம் மாறி அமைந்த கத்தரிதான் வேண்டும். இடது கைக்கு என்று தெளிவாகக் குறிப்பிட்டதைக் கேட்டு வாங்குங்கள். ரோட்டரி கட்டரில் பல மாதிரிகளில் அலகை மறுபக்கம் மாற்றி மாட்டிக்கொள்ளலாம். இவளுக்கு அதையும் யோசிக்கலாம்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய கத்தரி நுனியில் வெட்டவே இல்லை. பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார் விற்பனையாளர். - சேலம் வாசகி

பதில்: வெட்டிப் பார்க்காமல் வெட்டாது என்று எப்படித் தெரியும்? 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்க முடியாது. துணியை வெட்டுவதை வீடியோ எடுத்து, பில்லோடு எழுத்தில் புகார் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பலனில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்பனையாளரின் ஊருக்கு அலைய வேண்டாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

கேள்வி: உப்புத்தாளை நாலு முறை வெட்டினால் கத்தரி கூராகுமா? - நாகர்கோவில் வாசகி

பதில்: ஓரத்துப் பிசிறு போய் இரண்டு நாள் நன்றாக வெட்டும், அவ்வளவுதான். சாணைக்காரர் வரும் நாளில் கொடுத்துவிடுங்கள். ஆனால் அலகில் நுண்ணிய பற்கள் உள்ள கத்தரியாக இருந்தால் அவரிடம் கொடுக்காதீர்கள், பற்கள் தேய்ந்து போகும்.