பதில்: ஒட்டிய தேதிகள் 4 வருஷம் பின்னால் போவது ஏன்?

வணக்கம். பழைய மேக் கோப்பிலிருந்து விண்டோஸ் எக்செலில் ஒட்டிய தேதிகள் எல்லாம் 4 வருஷம் 1 நாள் பின்னால் போய்விட்டன என்று கேட்டிருந்தீர்கள். டேட்டா கெடவில்லை, பயப்படாதீர்கள்.

எக்செலுக்குத் தேதி என்பது வெறும் எண். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் வில்லங்கம். 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற, எக்செல் மாதிரியான ஒரு மென்பொருள், 1900-லிருந்து எண்ணியது; அந்த 1900-ஐ லீப் வருஷமாகவும் எடுத்துக்கொண்டது. தப்புதான், 100-ஆல் வகுபட்டு 400-ஆல் வகுபடாத வருஷம் லீப் ஆகாது. ஆனால் அன்றைக்குச் சந்தை லோட்டஸ் கையில். அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டுமே என்று மைக்ரோசாஃப்ட் அந்தத் தப்பையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது. உங்கள் விண்டோஸ் எக்செலில் ஒரு செல்லில் 60 என்று போட்டுத் தேதியாக மாற்றிப் பாருங்கள், 29-2-1900 என்று பிறக்கவே பிறக்காத ஒரு நாளைக் காட்டும்! 1985-ல் மேக்கில் வந்த எக்செலோ 1904-லிருந்து எண்ணியது, அதனால் இந்தத் தொல்லையே இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் 1462 நாள்.

காலி செல் ஒன்றில் 1462 என்று அடித்துக் காப்பி செய்யுங்கள். பிறகு தவறான தேதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ், ஆட் இரண்டையும் கொடுங்கள். செட்டிங்கில் இருக்கும் '1904 தேதி முறை'யை டிக் செய்துவிடாதீர்கள். சரியாக இருக்கிற மற்ற தேதிகளும் நகர்ந்துவிடும்.