தரவுத்தளத்தின் கொள்ளளவு – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீடாமங்கலம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். நெல் வரத்து, எடைச்சீட்டு, பட்டுவாடா எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றப்போகிறோம். மென்பொருள் எழுதித் தரும் தம்பி எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளே போதும் என்கிறார். முதலாளியின் மருமகன் சென்னையில் கணினித் துறையில் இருப்பவர். அவர் ஒவ்வொரு தரவுத்தளமும் அதிகபட்சம் எவ்வளவு கொள்ளும் என்று ஓர் அட்டவணை அனுப்பி, பெரியதைப் பார்த்து எடுங்கள், பின்னால் நிரம்பிவிட்டால் அவதி என்கிறார். இந்த எல்லைகளை நாங்கள் உண்மையிலேயே பொருட்படுத்த வேண்டுமா?

வாசகர், திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

அட்டவணையின் தலைப்பில் இருக்கும் எண்ணை நீங்கள் பொருட்படுத்த வேண்டியதில்லை. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நாளொன்றுக்கு 500 எடைச்சீட்டு, வருடம் முழுவதும் ஒரு நாளும் ஓயாமல் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். தேடுவதற்கான இன்டெக்ஸையும் சேர்த்து ஒரு சீட்டுக்கு 500 பைட் என்றால், ஆண்டுக்கு 91 மெகாபைட் அளவுக்குத்தான் வரும். 2 ஜிபியோடு நின்றுவிடும் என்று பலரும் ஏளனம் செய்யும் மைக்ரோசாஃப்ட் அக்சஸ்கூட இந்தக் கணக்கில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தாங்கும். எஸ்க்யூலைட்டின் உச்ச அளவு சுமார் 281 டெராபைட். அது நிரம்ப உங்கள் ஆலை 30 லட்சம் ஆண்டுகள் நெல் அரைக்க வேண்டும். அந்த எண்ணும் பக்க அளவை, அதாவது கோப்பைப் பிரித்து வைக்கும் துண்டின் அளவை, 64 கிலோபைட்டாக வைத்தால்தான் கிடைக்கும் என்பதையும், வழக்கமான 4 கிலோபைட்டில் அது 17.6 டெராபைட் அளவுக்கு இறங்கிவிடும் என்பதையும் மருமகனின் அட்டவணை சொல்லியிருக்காது என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தாலும் உங்களுக்கு ஒன்றும் குறையப்போவதில்லை.

ஒரே ஒரு இடத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகும். லாரி ஓட்டுநர் கொண்டுவரும் சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து, அந்தப் படத்தையும் தரவுத்தளத்துக்குள்ளேயே போட்டுவைக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். படம் ஒன்றுக்கு 3 எம்பி என்றால் ஒரே நாளில் 1.5 ஜிபி சேர்ந்துவிடும். மைக்ரோசாஃப்டின் இன்னொரு தரவுத்தளமான எஸ்க்யூஎல் சர்வரின் இலவசப் பதிப்பான எக்ஸ்பிரஸ், 2022ஆம் ஆண்டுப் பதிப்பு வரையில், ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபிதான் அனுமதித்தது; நூறாண்டுக்குப் போதுமாக இருந்த இடம் ஒரே வாரத்தில் தீர்ந்துபோகும். படங்களைத் தனிக் கோப்புறையில் வைத்து, கோப்பின் பெயரை மட்டும் தரவுத்தளத்தில் எழுதிவைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அந்த 10 ஜிபியும் தொழில்நுட்பத்தால் வந்த எல்லை அன்று, காசு கொடுத்து வாங்கும் பதிப்புக்கு நம்மை நகர்த்துவதற்காக வைக்கப்பட்ட வியாபார எல்லை என்பதையும் கவனியுங்கள்.

மேட்டூரில் 120 அடி நிற்பதாலேயே கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடாது என்பது உங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தரவுத்தளத்திலும் சிக்கல் வருவது பெரும்பாலும் கிளை வாய்க்காலில்தான், அதாவது பெயர், ஊர், சீட்டு எண் போன்ற ஒவ்வொரு பத்திக்கும் (column) எந்த வகை, எவ்வளவு நீளம் என்று எழுதுபவர் முதல் நாளில் யோசிக்காமல் தீர்மானிக்கும் இடத்தில்தான். சீட்டு எண்ணுக்கு இரண்டு பைட் முழு எண் போதும் என்று ஒருவர் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் எழுதிவிட்டார் என்றால், அது 32,767 வரைதான் போகும். தை முதல் நாளில் ஒன்றிலிருந்து தொடங்கினால், நாளுக்கு 500 வீதம், பங்குனி முதல் வாரத்தில், சம்பா நெல் இன்னும் வந்துகொண்டிருக்கும்போது, அடுத்த சீட்டைப் பதிய முடியாது என்று நின்றுவிடும். அதே போஸ்ட்கிரெஸில் தரவை வரிசைகளாக வைக்கும் ஓர் அட்டவணை (table) 32 டெராபைட் வரை வளரலாம் என்பது அன்றைக்கு யாருக்கு உதவப்போகிறது? எஸ்க்யூலைட்டில் முழு எண் தானாகவே 8 பைட் வரை விரியும் என்பதால் இந்த வம்பு வராது.

நம் மொழிக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். திருத்துறைப்பூண்டி என்பது நம் கண்ணுக்கு ஒன்பது எழுத்து. எழுத்துகளுக்குக் கணினி எண் கொடுக்கும் யூனிகோடில் மெய்யும் அதன் புள்ளியும் தனித்தனி, உயிர்மெய்யின் கொம்பும் சுழியும் தனித்தனி என்பதால் அது 18 குறியீடு. அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட் பிடிப்பதால் 54 பைட். ஊர்ப் பெயருக்கு 50 இடம் தாராளம் என்று ஒருவர் விட்டிருந்தால், குறியீட்டை எண்ணும் போஸ்ட்கிரெஸில் அது போதும்; வேறு விதமாகச் சொல்லாவிட்டால் பைட்டையே எண்ணும் ஆரக்கிள் தரவுத்தளத்தில் இந்த ஊர் உள்ளே நுழையாது. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தில், தவறான தரவை மறுக்கும் கண்டிப்பு அமைப்பு (strict mode) அணைக்கப்பட்டிருந்தால் இன்னும் மோசம். நீளத்துக்கு மேல் உள்ளதை வெட்டிவிட்டு, ஓர் எச்சரிக்கையை மட்டும் விட்டுவிட்டுப் போய்விடும், அதை யாரும் படிப்பதில்லை. தந்தை பெயரும் ஊரும் சேர்ந்த விவசாயியின் பெயர் பாதியில் அறுபட்டால், பட்டுவாடா நாளில் வங்கிக் கணக்கில் உள்ள பெயரோடு அது பொருந்தாது. எஸ்க்யூலைட்டோ, 20 என்று நீளம் எழுதினாலும் அதைக் கண்டுகொள்ளாமல் முழுவதையும் வாங்கிக்கொள்ளும். இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு, உங்கள் வேலைக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

இவையெல்லாம் சின்ன இடங்களில் மட்டும் நடப்பவை என்று எண்ண வேண்டாம். 2020 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு கிட்டத்தட்ட 16,000 கொரோனா தொற்றாளர்களைத் தினசரிக் கணக்கில் விட்டுவிட்டது. ஆய்வகங்களின் முடிவுகளைப் பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைதான். அதற்கு மேல் வந்தவை உள்ளே போகவில்லை, அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணியும் நாட்கணக்கில் தாமதமானது. அங்கே தடை தரவுத்தளத்தில் இல்லை, இரண்டு தரவுத்தளங்களுக்கு நடுவே சும்மா கைமாற்றுக்கு வைத்திருந்த கோப்பில் இருந்தது. உங்கள் தணிக்கையாளருக்கு எக்செல்லில்தான் அனுப்புவீர்கள் என்றால், வடிவம் பழைய .எக்ஸ்எல்எஸ் ஆக இல்லாதிருக்கட்டும். புதியதில் 10,48,576 வரிசை கொள்ளும்.

எஸ்க்யூலைட் குறித்து நான் உண்மையாகவே தயங்கும் இடம் வேறு. அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். எடைமேடையில் ஒரு கணினி, அலுவலகத்தில் அதைப் பார்க்க ஒன்று என்றால் கவலையில்லை. ஆனால் நாலைந்து கணினிகள் ஒரே கோப்பை நெட்வொர்க் வழியாகப் பகிர்ந்துகொண்டு எழுதப்போகின்றன என்றால், கோப்பே கெட்டுப்போக வாய்ப்புண்டு. அப்போது போஸ்ட்கிரெஸ் போன்ற, தனியாக இயங்கும் சர்வருக்குப் போய்விடுவதே நல்லது. மருமகன் சொல்லும் முடிவு அந்த நிலையில் சரியாகவே இருக்கும், அதற்கு அவர் சொல்லும் காரணம் மட்டும்தான் தவறு.

தம்பிக்கு மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன், உங்கள் பதிவேட்டில் இருப்பதிலேயே நீளமான பெயரையும் ஊரையும் தமிழில் நீங்களே தட்டச்சு செய்து, சீட்டாக அச்சிட்டுப் பாருங்கள். சீட்டு எண்ணை 32,768 என்று கொடுத்து ஒன்று பதியச் சொல்லுங்கள். பிறகு காப்பு நகலை எடுத்து, வேறொரு கணினியில் ஏற்றி, அன்றைய கணக்கு அதில் அப்படியே வருகிறதா என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள்.